லைசன்சுக்கு அனுப்பும் வாத்திய இசை திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டால் எதைத் திருத்துவது?

கல்முனையில் வீட்டிலிருந்தபடி கீபோர்ட், புல்லாங்குழல், கூத்து மத்தளம் மூன்றையும் வைத்துச் செய்த ஐந்து ட்ரக்குகளை, வீடியோவிலும் விளம்பரத்திலும் பாவிக்க இசையின் உரிமத்தை விற்கும் லைசன்ஸ் தளங்களுக்கு அனுப்பியதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்கு 'எங்கள் தரத்துக்கு எட்டவில்லை' என்ற ஒற்றை வரி வந்திருக்கிறது. ஒன்றுக்கு 'மிக்ஸ் (கருவிகளின் ஒலிக்கலவை) கலங்கலாக இருக்கிறது, திருத்தி அனுப்பலாம்' என்று பதில். மிச்சம் ஒன்றுக்கு ஆறு வாரமாகச் சத்தமே இல்லை. இவற்றை ஒரே கணக்கில் போட்டுக் கவலைப்பட வேண்டாம். இந்த மூன்று வகைப் பதிலுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு.

'திருத்தி அனுப்பலாம்' என்று வந்ததுதான் கையில் இருப்பவற்றில் பெறுமதியானது. மெட்டையும் அமைப்பையும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று அதை வாசியுங்கள். இத்தகைய தளங்களில் இதைச் சொஃப்ட் ரிஜெக்ஷன், அதாவது திருத்தினால் ஏற்கக்கூடிய மறுப்பு என்பார்கள். தளத்துக்காகக் கேட்பவர் முதலில் காதில் குத்திய ஒரு குறையைத்தான் எழுதுவார், எல்லாவற்றையும் எழுதமாட்டார். அதனால் சொன்னதைத் திருத்துவதோடு மிக்ஸ் முழுவதையும் ஒருமுறை சோதியுங்கள். ஆனால் மெட்டில் கை வைக்காதீர்கள். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் கெடுத்துக்கொள்கிறார்கள்: கலங்கலைத் திருத்தப் போய், புதிதாக ஒரு வயலினும் சேர்த்து, புதுக் குறையோடு அனுப்புவார்கள்.

ஒற்றை வரி மறுப்பு ஹார்ட் ரிஜெக்ஷன், அதாவது முடிவான மறுப்பு. பெரும்பாலும் அது எல்லாருக்கும் போகும் அச்சு வாசகம், சொல்லுக்குச் சொல் ஆராய்வதில் பயனில்லை. அதே கோப்பைத் தலைப்பு மாற்றித் திரும்ப ஏற்றாதீர்கள், கண்டுபிடித்தால் கணக்கையே முடக்கக்கூடும். மறுப்பு அந்தத் தளத்துக்கு மட்டுமே உரியது. இன்னோர் இடத்துக்குத் தாராளமாக அனுப்பலாம், ஆனால் ஒரு திருத்தமும் இல்லாமல் அனுப்பினால் அதே பதில் வரத்தான் வாய்ப்பு அதிகம். பதில் வராததற்கு ஒரேயொரு நினைவூட்டல், இரண்டு வரியில். அதற்குப் பின் இரண்டு வாரம் பாருங்கள், பிறகு 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளுங்கள். தங்களுக்கு மட்டுமே தரவேண்டும் என்று கேட்கும் நிறுவனம் என்றால் அந்தத் திகதி வரை அதே ட்ரக்கை வேறெங்கும் ஏற்றவேண்டாம்.

இனி அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் வழக்கமாக என்ன இருக்கும் என்று பார்ப்போம். உங்களைப் போல மேடையிலும் கோவிலிலும் வாசித்துப் பழகியவர்களின் ட்ரக்கில் முதல் குறை ஒலித்தரம் இல்லை, பாவனை, அதாவது வீடியோவுக்குப் பாவிக்க வசதியில்லாமை. கேட்டு ரசிக்கச் செய்த இசையில் புல்லாங்குழல் முதல் செக்கனில் தொடங்கி கடைசி வரை ஓயாது. லைசன்ஸ் வாங்குபவர் வீடியோ வெட்டுபவர். அவருக்கு அதன்மேல் ஒரு குரல் பேச வேண்டும். பேச்சின் தெளிவு பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரை உள்ள பகுதியில் இருக்கிறது. குழலின் மேல் ஸ்தாயியும் அதன் ஊதற்காற்றும் அதே இடத்தில்தான் குந்தியிருக்கும். இரண்டும் மோதினால் வெட்டுபவர் உங்கள் இசையை விட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார்.

சோதனை சுலபம். ஏதாவது ஒரு செய்தியை ஒரு நிமிடம் வாசித்து ஃபோனில் பதியுங்கள். அதை ட்ரக்கின் மேல் வைத்து, இசையைக் குரலைவிட 15 முதல் 18 டெசிபல் கீழே இறக்குங்கள். குரலை விட்டுக் காது எந்தெந்த இடத்தில் இசைக்குப் போகிறதோ அந்தச் செக்கன்களைக் குறித்துக்கொண்டு, அங்கெல்லாம் மெட்டைக் குறையுங்கள் அல்லது ஒரு ஸ்தாயி இறக்குங்கள். கூடவே மெட்டே இல்லாத ஒரு வடிவத்தையும் தனியாக ஏற்றிக் கொடுங்கள். மெட்டில்லா வடிவம், தாளமில்லா வடிவம், 60, 30, 15 செக்கன் துண்டுகள் என்று ஒரு பொதியாகக் கொடுக்கும் ட்ரக்குக்கு மதிப்பு வேறு.

துண்டுகளைக் கண்மதிப்பில் வெட்டாதீர்கள், வேகத்தைத் தெரிவு செய்யும்போதே கணக்குப் பாருங்கள். நான்கு அடி தாளத்தில் நிமிடத்துக்கு 128 அடி என்றால் 30 செக்கனுக்குச் சரியாக 16 வட்டம் (நான்கு அடி ஒரு வட்டம்). 96 என்றால் 12, 80 என்றால் 10. முடிவு அடி 30வது செக்கனில் விழக்கூடாது, எதிரொலி அடங்க இடம் வேண்டும். 128இல் 16வது வட்டத்தின் முதல் அடியில் முடித்தால் அது 28.1 செக்கனில் விழும், அடங்குவதற்கு ஏறக்குறைய இரண்டு செக்கன் மிஞ்சும். மெல்ல மெல்லக் குறைந்து மறையும் முடிவை விட்டுவிடுங்கள். விளம்பரத்தின் கடைசியில் சின்னம் வரும்போது ஒரு திடமான அடிதான் வேண்டும். 'ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வருகிறது' என்று எழுதியிருந்தால் எட்டு வட்டத்தை நகலெடுத்து ஒட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு எட்டு வட்டத்துக்கும் ஒன்று சேரவேண்டும், அல்லது ஒன்று விலகவேண்டும். விலகுவதும் மாற்றம்தான், அதை யாரும் செய்வதில்லை.

உங்களுக்கு வந்த 'கலங்கல்' என்ற சொல் கிட்டத்தட்ட எப்போதும் 200 முதல் 400 ஹேர்ட்ஸ் வரையான இடத்தைக் குறிக்கும். கீபோர்டின் நீண்ட பாட் ஒலி, இடதுகைக் கோர்ட், மத்தளத்தின் இடந்தலை எல்லாம் அங்கேதான் கூடுகின்றன. முதலில் சமன்படுத்தியை (EQ) தொடாதீர்கள், இடதுகைக் கோர்டை ஒரு ஸ்தாயி மேலே வாசியுங்கள். பாதிக் கலங்கல் அதிலேயே போகும். பிறகு பாட் ஒலியில் 200க்குக் கீழே வெட்டுங்கள், எதிரொலி விளைவுக்கு (ரிவேர்ப்) போகும் வழியில் 300க்குக் கீழே வெட்டுங்கள். குழலில் 200க்குக் கீழே இருப்பது காற்றும் ஃபான் இரைச்சலும்தான், அதையும் எடுங்கள். இதற்குப் பிறகும் மிஞ்சினால் 300 பக்கமாக 2, 3 டெசிபல் குறைத்தால் போதும்.

முழு மிக்ஸையும் ஒருமுறை மோனோவில், அதாவது இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கிக் கேளுங்கள். கீபோர்டின் அகலமான ஒலிகள் சில மோனோவில் பாதி காணாமல் போகும், ஒற்றை ஸ்பீக்கர் ஃபோனில் பார்ப்பவருக்கு அதுதான் கேட்கும். ஒலியின் உச்சத்தைத் தடுக்கும் லிமிட்டரை மைனஸ் 1 டெசிபல் ட்ரூ பீக்கில் (உண்மையான உச்ச அளவு) நிறுத்துங்கள். மத்தள அடி விழும்போதெல்லாம் அது ஐந்தாறு டெசிபல் அமுக்குகிறது என்றால் ஓசையை அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறீர்கள். யூடியூபின் ஒலி அளவுக்காக மைனஸ் 14 LUFS (சராசரி ஓசை அளவு) என்று ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு தூக்கம் கெடவும் வேண்டாம், வெட்டுபவர் எப்படியும் இசையை இறக்கித்தான் வைப்பார். கோப்பு பெரும்பாலும் 24 பிட் வேவ் (WAV). 48 கிலோஹேர்ட்ஸா 44.1ஆ என்பதைத் தளத்தின் விதியில் பாருங்கள். எம்.பி.3 கோப்பை வேவாக மாற்றி அனுப்பினால் பிடிபடும்: 128 கிலோபிட் எம்.பி.3இல் 16,000 ஹேர்ட்ஸ் பக்கமாக மேற்பகுதி கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும், ஸ்பெக்ட்ரோகிராம் என்னும் அதிர்வெண் படத்தில் தெளிவாகத் தெரியும். நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குழல் பதிவை அப்படியே போட்டாலும் இதே கதைதான். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், ஓடியோவாக வேண்டாம்.

நம் பக்கத்து வீடுகளுக்கென்று சில தனிக் குறைகள் உண்டு. இரண்டு முள் சார்ஜரில் லப்டொப் இருந்தால் நிலத்தொடுப்பு இல்லாமல் 50 ஹேர்ட்ஸ் உறுமலும் அதன் மடங்கு 100, 150உம் பதிவில் ஏறும். சார்ஜரைக் கழற்றி பற்றரியில் பதியுங்கள், முக்கால்வாசி போய்விடும். கச்சான் காற்றுக் காலத்தில் கூரைத் தகரம் அதிரும். மாரியில் சொல்லவே தேவையில்லை. காலையில் மீன்காரரின் ஹோர்ன், மாலையில் பாண் ஓட்டோவின் மெட்டு, இடையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கோவில் மணியும். இரவு பத்துக்குப் பிறகு, ஃபானை நிறுத்தி, பாய், மெத்தை, சாரம் எல்லாவற்றையும் சுவரில் தொங்கவிட்டுப் பதிவதே மலிவான ஸ்டூடியோ. வாசிக்காமல் பத்துச் செக்கன் அறைச் சத்தத்தை மட்டும் முதலில் பதிந்து வைத்தால் பின்னர் இரைச்சலை அளந்து நீக்க உதவும்.

மத்தளம் தனிக் கதை. ஈரக் காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். மாலையில் பதிந்ததும் இரவில் பதிந்ததும் ஒட்டாது, ஆகவே ஒரே இருப்பில் பதிந்து முடியுங்கள். கூத்து மத்தளம் கீபோர்டின் 440 ஹேர்ட்ஸ் சுருதிக்குச் சரியாக நிற்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. வலந்தலையின் சுருதியை டியூனரில் அளந்து, எத்தனை சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) விலகுகிறதோ அவ்வளவுக்குக் கீபோர்டை நகர்த்துங்கள். சுருதியை இழுத்து ஒட்டும் மென்பொருளைவிட இது சுத்தம். வடமோடிக் கூத்தின் ஆட்டத் தாளங்களில் வேகம் ஏறுவது அழகு, ஆனால் வெட்டுபவரின் கட்டங்களில் அது நிற்காது. ஏறும் வடிவத்தைத் தனி ட்ரக்காகவும், கிளிக் (மெட்ரோனோம் அடி) கேட்டு ஒரே வேகத்தில் வாசித்ததை முதன்மையாகவும் கொடுங்கள்.

'சுருதி சரியில்லை' என்று எப்போதாவது வந்தால் உடனே குழல் வாசித்தவரைக் குறை சொல்லாதீர்கள். கமகம் போடும் காந்தாரத்துக்குக் கீழே கீபோர்டில் அதே காந்தாரம் அசையாமல் நின்றால் வெளிநாட்டுக் காதுக்கு மட்டுமல்ல, நம் காதுக்கும் அது உரசும். அந்த இடங்களில் கோர்டிலிருந்து மூன்றாவது சுரத்தை எடுத்துவிட்டு ச, ப மட்டும் விடுங்கள். தானியங்கிச் சுருதித் திருத்தியைக் கமகத்தின் மேல் போட்டால் ட்ரக் செத்துவிடும்.

வயலின் கூட்டம் போன்ற சாம்பிள் ஒலிகள் (முன்பே பதிந்து வைத்த கருவி ஒலிகள்) 'செயற்கையாக இருக்கிறது' என்றால் காரணம் பெரும்பாலும் ஒரே அழுத்தத்தில், கட்டத்தில் நேராக உட்கார்ந்த சுரங்கள். கீபோர்டின் மொடுலேஷன் வீலைக் கையால் ஏற்றி இறக்கிப் பதியுங்கள், தொடக்கங்களை 10 முதல் 20 மில்லிசெக்கன் முன்பின் சிதறவிடுங்கள், உண்மையான வயலின் ஒன்றை மேலே வாசிக்கச் செய்யுங்கள். அந்த ஒன்று மற்றப் பத்தையும் நம்பவைக்கும்.

பதிலில் உரிமை பற்றிய குறிப்பு வந்தால் அதை முதலில் பாருங்கள். லூப் (திரும்பத் திரும்ப ஓட்டும் ஆயத்தத் துண்டு) பொதிகளில் வாங்கிய மெட்டை வேறொருவர் தன் ட்ரக்கில் போட்டு யூடியூபின் கொன்டென்ட் ஐடியில் (உரிமையுள்ள இசையைத் தானாகக் கண்டுபிடிக்கும் முறை) பதிந்திருந்தால் உங்கள் வாடிக்கையாளருக்கு உரிமைக்கோரல் வரும். தாள லூப் பரவாயில்லை, மெட்டு லூப் வேண்டாம். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரையோ பறைமேளக் குழுவையோ பதிந்தால் பெயர், திகதி, கொடுத்த தொகை, உலகெங்கும் விளம்பரம் உட்படப் பாவிக்கச் சம்மதம் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி ஒவ்வொருவரிடமும் ஒப்பம் வாங்குங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்பு உண்டு, 'பழைய மெட்டுத்தானே' என்று நினைத்துவிட முடியாது. சடங்கில் பாடும் கண்ணகை அம்மன் காவியத்தையும் அதன் உடுக்கொலியையும் பற்பசை விளம்பரத்துக்குக் கொடுப்பதைச் சட்டம் தடுத்தாலும் தடுக்காவிட்டாலும் செய்யாமல் விடுவது நல்லது. தாளக்கட்டைப் படித்து, அதிலிருந்து புதிதாக ஒன்று கட்டுங்கள்.

ஆட்களிடம் கருத்துக் கேட்கும்போது 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்பதைத் தவிர ஒன்றும் வராது. 'எந்தச் செக்கனில் சலித்தது?', 'எந்தப் படத்துக்குப் போடுவீர்கள்?' என்று கேளுங்கள். கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்தவர் தாளப் பிழையைப் பிடிப்பார், கலியாண வீடியோ வெட்டும் பொடியன் பாவனைப் பிழையைப் பிடிப்பான். லைசன்சுக்கு இரண்டாமவரின் காதுதான் கூடுதல் பெறுமதி. மூன்று பேர் ஒரே செக்கனைச் சொன்னால் விவாதிக்காமல் மாற்றுங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் குறித்துவையுங்கள்.

ஒரு கொப்பியில் ட்ரக், தளம், அனுப்பிய திகதி, வந்த சொல், நீங்கள் ஊகித்த காரணம் என்று ஐந்து நிரல் போடுங்கள். பத்துப் பதில் சேர்ந்ததும் கடைசி நிரலை எண்ணுங்கள். ஒரே காரணம் நாலு தரம் வந்தால் புது ட்ரக் செய்வதை நிறுத்தி அதை மட்டும் பழகுங்கள். முதல் பதில் வரும் முன் ஒரே பாணியில் இருபது ட்ரக் ஏற்றாதீர்கள், இருபதிலும் ஒரே பிழை இருக்கும். மூன்று போதும்.

திருத்திய கலங்கல் ட்ரக்கை அனுப்பும்போது கேட்பவருக்கு ஒரு குறிப்பு எழுத இடம் இருக்கும். அங்கே விளக்கமோ வாதமோ வேண்டாம். இந்தப் பொருளில் ஆங்கிலத்தில் இவ்வளவுதான்: '200 முதல் 400 ஹேர்ட்ஸ் வரையுள்ள குவிவைக் குறைத்தேன், இடதுகைக் கோர்டை மேலே மாற்றினேன், மெட்டில்லா வடிவமும் 30 செக்கன் துண்டும் சேர்த்திருக்கிறேன்.'