பாட்டில் திரும்பி வருமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதமும் பேக்கிங் பற்றி வந்த கடிதங்களில் பாதியில் பொருளின் எடை இல்லை, அது போகும் தூரமும் இல்லை. சோதிடம் கேட்பதுபோல் கேட்டால் நான் என்ன சொல்வது?

பால் கவரைப் பழைய பேப்பர் கடைக்காரர் வாங்க மறுக்கிறார். (மதுரை)

கழுவாமல் கொடுத்திருப்பீர்கள். நாற்றம் அடிக்கும் சரக்கை யார் வாங்குவார்? கழுவுங்கள், காய வையுங்கள். மூலையை வெட்டும்போது துண்டைத் தனியாக விழவிடாதீர்கள்; அந்தத் துணுக்கை யாரும் பொறுக்குவதில்லை.

சிப்ஸ் பாக்கெட்டின் உட்புறம் அலுமினியம்தானே, விலை போகுமா? (கரூர்)

போகாது. அது பூச்சு, ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. பிரித்தெடுக்கும் செலவு சரக்கின் விலையைத் தின்றுவிடும். சேகரித்தாலும் பெரும்பாலும் சிமென்ட் ஆலைச் சூளையில் எரிக்கத்தான் போகிறது.

மரச்செக்கு எண்ணெய் விற்கிறோம். சுற்றுச்சூழலுக்காக பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து கண்ணாடிக்கு மாறப்போகிறோம். சென்னை, பெங்களூருக்கு கூரியரில் போகிறது. சரிதானே? (காங்கேயம்)

சரியில்லை. காலி பாட்டில் திரும்பி வருமா என்று ஒரு வரிகூட எழுதவில்லையே! ஒரு லிட்டர் பெட் பாட்டில் 30 கிராம் சொச்சம். கண்ணாடி அரைக் கிலோவைத் தொடும். 1,500 டிகிரி உலையில் உருக்கி, லாரியில் ஏற்றி, வழியில் சில உடைந்து, கடைசியில் பெங்களூருக் குப்பையில் சேருவதற்கா இத்தனை பாடு? ஒரே முறை பயன்படும் கண்ணாடி சூழலுக்கும் நல்லதல்ல, உங்கள் கல்லாவுக்கும் நல்லதல்ல. பல சுற்று வந்தால்தான் அதற்கு மதிப்பு. பழைய சோடாக் கடைக்காரருக்கு இது தெரியும். காலி பாட்டிலைக் கொடுக்காமல் அவர் நம்மை நகரவிட்டதில்லை.

2022-இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் வந்தது. பத்தில் ஒன்பதுக்கு மேல் திரும்பின. மலைமேல் இருந்த பாசத்தாலா? பத்து ரூபாயால்.

ஆகவே காங்கேயம், திருப்பூர் வட்டாரத்துக்குக் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். டெபாசிட் வாங்குங்கள்; எண்ணெய் கொண்டுபோகும் வண்டியிலேயே காலி பாட்டில் வரட்டும். வெந்நீரில் கழுவி, ஒரு சொட்டு ஈரமில்லாமல் உலர்த்த வேண்டும். அந்தக் கூலியையும் கணக்கில் சேருங்கள். தூரத்து ஊர்களுக்கு 5 லிட்டர் கேனே போதும். 'பழைய டின்னைக் கழுவி நிரப்பலாமா' என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். ஒருமுறை பயன்படுத்திய டின்னில் மறுபடி சமையல் எண்ணெய் அடைக்கச் சட்டம் இடம் தருவதில்லை.

துணிப்பையை எத்தனை முறை பயன்படுத்தினால் நியாயம்? (தஞ்சாவூர்)

2011-இல் பிரிட்டன் அரசின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வில், மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடக் கரிமச் சுமை (காற்றில் சேரும் கரியமில வாயு) குறைய 130 முறை சொச்சம் என்று கணக்கு வந்தது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள் நாற்பது உங்கள் பரணில் கிடக்குமே, அவற்றுக்குப் பிறகு புதிதாக ஒன்று வாங்காதீர்கள்.

'மட்கும்' என்று அச்சிட்ட பையைச் செடித்தொட்டியில் புதைத்து எட்டு மாதம் ஆகிறது. அப்படியே இருக்கிறது. (கோவை)

இருக்கும். அந்தப் பைகளில் பலவற்றுக்கு 60 டிகிரி அளவில் சூடேறும் பெரிய உரக்கூடம் தேவை; உங்கள் தொட்டியில் அவ்வளவு சூடு ஏது? எடுத்துத் தனியாக வையுங்கள். கழுவிய பால் கவரோடு கலந்தால் அந்தச் சரக்கும் கெடும்.

எந்த பேக்கிங் நல்லது? (ஊர் இல்லை)

எதற்கு?

பழைய அட்டைப்பெட்டியில் பொருள் அனுப்பினால் வாடிக்கையாளர் மதிப்பாரா? (சிவகாசி)

ஐந்து ப்ளை (ஐந்து அடுக்கு) பெட்டி நனையாமல் இருந்தால் இரண்டு மூன்று பயணம் தாங்கும், தாராளமாக அனுப்புங்கள். பழைய முகவரிச் சீட்டை மட்டும் கிழித்துவிடுங்கள். போன மாதம் எனக்கு வந்த பெட்டியில், முன்பு அதை வாங்கியவரின் பெயர், கைபேசி எண், அவர் வாங்கிய மூலநோய் லேகியத்தின் விலை எல்லாம் இருந்தன.