அம்மா சொன்ன வைரஸ்

அன்புள்ள ஐயா,

போன வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, "வைரஸ்தானாம், ஆன்டிபயாடிக் வேண்டாம்னு சொல்லிட்டார்" என்றார். "வைரஸ் என்று சொல்லாதே அம்மா, தீநுண்மி என்று சொல்" எனத் திருத்தினேன். பிறகு எனக்கே குழப்பம். தீநுண்மியா, நச்சுயிரியா, நச்சு நுண்மமா, எது சரி? கிருமி என்று ஒரு சொல் இருக்கும்போது வைரஸ் எதற்கு? நீங்களும் அப்படியே எழுதுகிறீர்கள். போதாததற்கு எதைப் பார்த்தாலும் 'வைரல்' ஆகிறது. சித்தர்கள் வைரஸை முன்பே அறிந்திருந்தார்கள் என்கிறார்களே, அவர்கள் வைத்த பெயர் என்ன?

அன்புடன்,
ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள தம்பி,

சித்தர்கள் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதப்போவதில்லை. அவர்கள் அறிந்தது நிறைய. அறியாததையும் அவர்கள் தலையில் ஏற்றுவது மரியாதை ஆகாது. 'வைரல்' பற்றி எனக்கு வருத்தமே இல்லை. ஒருவரிடமிருந்து பத்துப் பேருக்குத் தொற்றுவதைத்தானே அது சொல்கிறது? இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கிருமி. சில மாதங்களாகவே அந்தச் சொல் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிருமி என்றால் முதலில் புழு. வடமொழியிலிருந்து வந்தது. ராமானுஜரைத் துன்புறுத்தியதாக வைணவ குருபரம்பரைக் கதைகள் சொல்லும் அரசனுக்குக் கிருமிகண்ட சோழன் என்று பெயர். கண்டம் என்றால் கழுத்து. அவன் கழுத்தில் புழு வைத்தது என்பது கதை. கண்ணால் பார்க்க முடிகிற புழு. அந்தச் சொல்லைத்தான் பின்னால் கண்ணுக்குத் தெரியாத எல்லாவற்றுக்கும் போர்த்திவிட்டோம். காசநோய்க்கும் கிருமி, சளிக்காய்ச்சலுக்கும் கிருமி.

வைரஸ் என்ற சொல்லும் ஒருகாலத்தில் இப்படித்தான் இருந்தது. லத்தீனில் அதற்கு நஞ்சு என்று பொருள், பிசுபிசுத்த சாறு என்றும் பொருள். நம் 'விஷம்' அதற்கு உறவுக்காரச் சொல், இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. 1798இல் ஆங்கில மருத்துவர் ஜென்னர் மாட்டம்மை பற்றி எழுதியபோது கொப்புளத்து நீரை வைரஸ் என்றார். பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் காலத்திலும் நோயைத் தொற்றவைக்கும் எதுவும் வைரஸ்தான். அந்தச் சொல்லைக் குறுக்கியது ஒரு புகையிலைச் செடி. இலையில் திட்டுத் திட்டாக வெளுக்கும் நோய். 1892இல் ரஷ்யாவின் இவானோவ்ஸ்கி அந்த இலைச் சாற்றைப் பாக்டீரியா நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியில் ஊற்றினார். வடிந்த சாறும் நல்ல செடிக்கு நோயைக் கொடுத்தது. 1898இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பெயரிங்க் அதையே செய்து, இது வெறும் நஞ்சில்லை, உயிருள்ள செடிக்குள் பெருகுகிறது, ஆனால் பாக்டீரியாவும் இல்லை என்றார். நஞ்சும் இல்லாத, பாக்டீரியாவும் இல்லாத அந்த மூன்றாவது ஒன்றுக்குத்தான் வைரஸ் என்ற பழைய பெயர் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கப்பட்டது. ஒரு சொல் இரண்டாகப் பிரிவதற்கு அங்கே இத்தனை உழைப்பு தேவைப்பட்டது. நீங்கள் ஒரே வரியில் மறுபடி ஒன்றாக்கிவிடச் சொல்கிறீர்கள்.

எனக்குப் பதினோரு வயதில் விஷக்காய்ச்சல் வந்தது. எங்கள் பக்கம் டைபாய்டை அப்படித்தான் சொல்வார்கள். அது பாக்டீரியாவால் வருவது. டாக்டர், "வயித்துல கிருமி" என்று 14 நாளைக்கு கேப்சூல் எழுதிக்கொடுத்தார். ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. அம்மா மீதி கேப்சூல்களை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். அடுத்த வாரம் தங்கைக்குக் கன்னம் இரண்டும் வீங்கிக் காய்ச்சல். பொன்னுக்கு வீங்கி. பாட்டி கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டுவிட்டாள், அம்மா டப்பாவைத் திறந்தாள். பொன்னுக்கு வீங்கி வைரஸால் வருவது, தானாக அடங்க வேண்டியது. அந்த கேப்சூலுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. தங்கைக்குக் கேப்சூல் தீரவும் எனக்குக் காய்ச்சல் திரும்பி வந்தது. முதல் தடவையைவிடக் கடுமையாக. ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை.

அம்மா மேல் தவறில்லை. "ரெண்டும் கிருமிதானே, ஒரே மருந்துதானே" என்றாள் பிற்பாடு, அழுதுகொண்டே. அவளுக்குக் கொடுக்கப்பட்ட சொல்லை வைத்து அவள் யோசித்தது சரிதான். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். பென்சிலின் அதன் சுவரைக் கட்டவிடாமல் கெடுக்கும். வைரஸுக்கு அப்படி ஒரு சுவரே கிடையாது, அது நம் செல்லுக்குள் புகுந்து நம் செல்லையே வேலை வாங்கிப் பெருகுகிறது. கிருமி என்கிற ஒரே சொல்லுக்குள் இந்த வித்தியாசத்தை அம்மா எங்கே போய்த் தேடுவாள்?

இன்றைக்கும் மருந்துக்கடையில் நின்று பாருங்கள். "கிருமி மாத்திரை நாலு குடுங்க" என்று கேட்கிறார்கள், நான்கு மட்டும் கத்தரித்துக் கொடுக்கிறார்கள். சளிக்கு, வெறும் சளிக்கு! பாதியில் நிறுத்திய மருந்தும் தேவையில்லாத மருந்தும் சேர்ந்து பாக்டீரியாவைப் பழக்கிவிடுகின்றன. பிறகு உண்மையிலேயே தேவைப்படும் நாளில் அந்த மருந்து கேட்பதில்லை.

இப்போது உங்கள் அம்மாவைப் பாருங்கள். "வைரஸ்தானாம், ஆன்டிபயாடிக் வேண்டாம்." என் அம்மாவிடம் யாரும் சொல்லாத வாக்கியம் இது. அந்த அம்மா அதைச் சரியாகக் கேட்டு, சரியாகப் புரிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து சரியாகவே சொல்லியிருக்கிறார். காய்ச்சலோடு நிற்கிறவரை நிறுத்தி நீங்கள் தமிழ் திருத்தியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. மொழிப்பற்றைக் காட்ட அதுவா நேரம்?

தீநுண்மியும் நல்ல சொல்தான். நச்சுயிரியில் லத்தீனின் நஞ்சு அப்படியே இருக்கிறது, எனக்கு அது பிடிக்கும். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், பாக்டீரியாவுக்கு வேறொரு சொல்லையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

சரி, இவ்வளவு நீளமாக எழுதினீர்கள், அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா இல்லையா என்று எழுதவே இல்லையே. அதை முதலில் எழுதுங்கள்.