டிரையலில் தொடை இழுக்கிறது, சொல்லலாமா?

கேள்வி: வயது 20, கால்பந்தில் லெஃப்ட் பேக் (இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர்). ஒரு தொழில்முறை கிளப்பில் இரண்டு வார டிரையலில், அதாவது ஆளெடுப்பதற்கு முன் ஆடவிட்டுப் பார்க்கும் தேர்வில், இருக்கிறேன். அதே இடத்துக்கு இன்னும் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். யாரும் எனக்குப் பந்தே தருவதில்லை. தூக்கமும் இல்லை. நேற்றிலிருந்து தொடையின் பின்பக்கம் வேறு இழுக்கிறது. சொன்னால் அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

பதில்: முதலில் தொடை. இன்றே பிசியோவிடம் சொல்லுங்கள். "வலிக்கிறது" என்று மொட்டையாகச் சொல்லாமல், எந்த இடம், முழு வேகத்தில் ஓடும்போதா, நிற்கும்போதா என்று விவரமாகச் சொல்லுங்கள். வெறும் இறுக்கம்தான் என்றால் ஓரிரு நாள் ஓய்வில் சரியாகலாம். மறைத்து ஓடித் தசை கிழிந்தால் வாரக்கணக்கில், மோசமானால் மாதக்கணக்கில் வெளியே உட்கார வேண்டும். மறைத்தாலும் நிற்காது: மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை போட ஃபிஃபா விதி இடம் தருவதில்லை. அதனால் கையெழுத்துக்கு முன்பே கிளப் உங்களை முழுசாகச் சோதித்துவிடும். டிரையலில் அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

அடுத்து, பந்து வராத பிரச்சினை. அணியில் இருப்பவர்களுக்கும் அடுத்த சீசன் இடம் நிச்சயமில்லை. புதிதாக வந்தவரை அவர்கள் கொண்டாட மாட்டார்கள். பாதிப் பேருக்கு உங்கள் பெயரே தெரியாது. உங்கள் பக்கம் ஆடும் சென்டர் பேக் (நடுத் தடுப்பாட்டக்காரர்), விங்கர் (உங்களுக்கு முன்னால் ஓரத்தில் ஆடுபவர்) இருவர் பெயரையும் கேட்டு வைத்துக்கொண்டு, பெயர் சொல்லிக் குரல் கொடுங்கள். மைதானம் முழுக்க உங்கள் முன்னால் விரிந்திருக்கிறது. விங்கர் முதுகுக்குப் பின்னால் ஆள் வருவது அவருக்கு முன் உங்களுக்குத் தெரியும். "பின்னால ஆள்!" என்று ஒருமுறை சரியாகக் கத்திக் காப்பாற்றினால், அடுத்த பந்து உங்களிடம் வர வாய்ப்பு அதிகம்.

பதற்றத்தில் பலர் செய்வது, கிடைத்த ஒன்றிரண்டு பந்தில் மூன்று பேரைத் தாண்டப் பார்ப்பது. கோச் தேடுவது ஒரு லெஃப்ட் பேக்கை. பந்து வலப்பக்கம் இருக்கும்போது உள்ளே நகர்ந்து தூரத்துக் கோல் போஸ்ட்டைக் காக்கிறாரா, பந்தை இழந்த அடுத்த ஐந்து விநாடியில் தலையில் கை வைத்து நிற்கிறாரா, திரும்பி ஓடுகிறாரா? அதைத்தான் பார்ப்பார்.

தூக்கத்துக்கு ஒரே யோசனை: "என்னப்பா ஆச்சு?" என்று தினமும் கேட்கும் வீட்டாரிடம், முடிவு தெரிந்ததும் நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

நன்றாக ஆடியும் கிடைக்காமல் போகும். 2018-இல் ஆஸ்திரேலியாவின் சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ் கிளப்பில் ஓட்டப்பந்தய வீரர் உசைன் போல்ட் ஒரு நட்பு ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டார், ஒப்பந்தப் பேச்சு ஒத்துவரவில்லை, கிளம்பிவிட்டார். பல பிரெஞ்சு கிளப்புகள் குள்ளம் என்று ஒதுக்கிய பிரெஞ்சு வீரர் கிரீஸ்மன், மான்ட்பெல்லியே கிளப்பின் டிரையலில் ஆடியபோதுதான் ஸ்பெயினின் ரியல் சோசிடாட் ஆள் கண்ணில் பட்டார். உங்கள் ஆட்டத்தை எல்லா இடத்திலும் அப்படி ஒருவர் வந்து பார்க்கமாட்டார். அதனால் பயிற்சி ஆட்டங்களின் வீடியோவைக் கிளம்புவதற்கு முன் கேட்டு வாங்குங்கள். அடுத்த கிளப் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.