மூன்று கடைகள், ஒரே கையிருப்பு: இந்த மென்பொருளை எப்படிச் சோதிப்பது?

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று கடைகளை இணைக்கும் உங்கள் மென்பொருள் அலுவலகத்தில் சரியாக ஓடுகிறது, கடைகளில் கணக்குத் தப்புகிறது, எதைச் சோதிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைக் கணினி அனுப்பும் கோரிக்கை போய்ச் சேர்ந்து பதில் மட்டும் திரும்பாத நிலையை முதலில் சோதியுங்கள். அக்கரைப்பற்றில் இரண்டு மூடை சம்பா விற்கிறார்கள். மூன்று கடைகளின் கணக்கையும் வைத்திருக்கும் நடுக் கணினியான, மட்டக்களப்பிலுள்ள சேர்வர் அதைப் பதிந்துவிடுகிறது. பதில் வருமுன் இணைப்புப் போய்விடுகிறது. போகாத கோரிக்கையையும் தொலைந்த பதிலையும் கடைக் கணினியால் பிரித்தறிய முடியாது. மறுபடி அனுப்பும், ஒரே விற்பனை இருமுறை பதிவாகும். இரவில் கணக்கு முடிக்கும்போது பெட்டியில் காசு குறைவதாகத் தெரியும், சந்தேகம் காசாளர் மேல் விழும். ஒருவருடைய நேர்மை சம்பந்தப்பட்ட இதைச் சின்னப் பிழை என்று ஒதுக்கவே கூடாது.

கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பது போதாது. முன்பே பிடுங்கினால் கோரிக்கையே போகாது. தரவுத்தளத்தில் எழுதிய பின், பதில் அனுப்புமுன், சேர்வர் சில விநாடிகள் நிற்கும்படி சோதனைப் பதிப்பில் ஒரு வரி சேருங்கள். அந்த இடைவெளியில் லினக்ஸ் இயங்குதளத்தில் வலைப் போக்குவரத்தை வடிகட்டும் ஐபிடேபிள்ஸ் கொண்டு பாதையை அடைத்துவிடுங்கள். பிறகு திறந்துவிட்டு எத்தனை பதிவுகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒவ்வொரு விற்பனைக்கும் கடையிலேயே தனி எண் இட்டு, அதே எண் மீண்டும் வந்தால் சேர்வர் பழைய பதிலையே தருமானால் ஒன்றுதான் இருக்கும்.

இதற்காகக் கிளை கிளையாக அலைய வேண்டாம். ஒரு மேசையில் மூன்று கணினிகள் போதும். கசாண்ட்ரா, எச்பேஸ், ரெடிஸ் உள்ளிட்ட, பல கணினிகளில் சேர்ந்து ஓடும் ஐந்து மென்பொருள்களின் 198 கோளாறுகளை டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். அவற்றில் 98 சதவீதம் மூன்று கணினிகளுக்குள்ளேயே வெளிப்படக் கூடியவை. முழு அமைப்பையும் முடக்கிய கோளாறுகளில் 92 சதவீதம், மென்பொருளே அறிவித்த பிழையைத் தவறாகக் கையாண்டதால் வந்தவை. ஆகவே உங்கள் நிரலில் பிழையைப் பிடித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்ட இடங்களை இன்றே தேடுங்கள்.

அடுத்து, லினக்ஸில் வலைப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டிசி கட்டளையின் நெட்எம் வசதியால் இணைப்பில் தாமதமும் தரவு இழப்பும் உண்டாக்கி, விற்பனைகளைத் தாறுமாறாக ஓடவிடுங்கள். முடிவில் ஆரம்பக் கையிருப்போடு வரவைக் கூட்டி விற்பனையைக் கழித்தால் இறுதிக் கையிருப்பு வர வேண்டும். கைல் கிங்ஸ்பரி என்ற நிரலாளர் உருவாக்கிய ஜெப்சன் என்ற சோதனைக் கருவி பெரிய தரவுத்தளங்களைச் சோதிப்பதும் இந்த வழியில்தான்.

கடிகாரத்தையும் விடாதீர்கள். மாரி காலத்தில் மின்வெட்டு வந்துபோனால், உள் மின்கலம் செத்த பழைய கணினி ஏதோ ஓர் ஆண்டுக்குத் திரும்பிவிடும். ஒரு கணினியின் நேரத்தைப் பின்னே தள்ளிவிட்டு, அங்கிருந்து அரிசி விலையை மாற்றிப் பாருங்கள். மாற்றம் காணாமல் போனால், எது பிந்தியது என்பதைக் கடைக் கடிகாரத்திடம் கேட்காமல் சேர்வர் தரும் வரிசை எண்ணிடம் விடுங்கள்.