அந்த எண்ணை நிரப்பியவர் யார்? – கேள்வி பதில்

மதுரையில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், மதிப்பெண், தரவரிசை, தரவுச் சேகரிப்பு ஆகியவை குறித்த கேள்விகளுக்கு அளித்த விடைகள்.

மேலூர் ஆசிரியை: ஐயா, நூறு சதவீதத் தேர்ச்சி காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடி ஆண்டுதோறும் கூடுகிறது. தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதில் என்ன தவறு என்கிறார் தலைமையாசிரியர்.

கேட்பதில் தவறில்லை, அம்மா. பள்ளியின் பெயரும் ஆசிரியரின் பெயரும் அந்த ஒரே எண்ணில்தான் நிற்கின்றன என்று ஆகும்போது தொல்லை தொடங்குகிறது. பின்தங்கிய பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தும் விழுக்காட்டை உயர்த்தலாம். ஒன்பதாம் வகுப்போடு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டும் உயர்த்தலாம். காகிதத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஒரு புள்ளிவிவரத்தைக் கட்டுப்பாட்டுக் கருவியாக்கினால் அது தன் பழைய பொருளை இழந்துவிடும் என்று பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் சொன்னதை நம் பள்ளிகளிலேயே காணலாம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே எல்லாம் என்றிருந்த காலத்தில், பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தன. அதைத் தடுக்க 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அதுவும் பிள்ளைகளுக்குச் சுமையாகி, 2025-26 முதல் கைவிடப்பட்டது. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் அரசு நிறுத்தியும், தேர்வு முடிவு வந்த மறுநாளே பிள்ளைகளின் படத்தோடு பள்ளி வாசலில் பிளெக்ஸ் கட்டும் வழக்கம் நிற்கவில்லை. ஆகவே தலைமையாசிரியரிடம் ஒன்றைக் கேளுங்கள்: ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினார்கள் என்ற கணக்கையும் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பக்கத்தில் எழுத அவர் உடன்படுவாரா?

செல்லூர் வாசகர்: தூய்மைக் கணக்கெடுப்பில் மதுரை கடைசியாக வந்ததே, அது உண்மையான படம்தானா?

மத்திய அரசு நடத்தும் ஸ்வச் சர்வேக்ஷன் என்ற அந்தத் தூய்மைக் கணக்கெடுப்பில், 2024-25இல், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 40 நகரங்களில் மதுரைக்குக் கிடைத்தது 40ஆவது இடம். வைகையையும் நம் கால்வாய்களையும் தினமும் பார்க்கும் நான் அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் நாற்பது நகரங்களும் ஒருசேரத் தூய்மையானாலும் ஏதோ ஒரு நகரம் நாற்பதாவதாகத்தான் நிற்கும். இடம் என்பது நிலைமையைச் சொல்வதில்லை. மேலும், கள ஆய்வோடு சான்றிதழ்களும் மக்கள் கருத்தும் அங்கே மதிப்பெண்ணாகின்றன. எனக்குள்ள கவலை வேறு: இடம் உயர வேண்டும் என்ற அவசரத்தில் மாசி வீதிகள் மட்டும் பளிச்சென்று ஆகி, அவனியாபுரத்துக் குப்பை மேடு அப்படியே கிடந்து, ஆட்கள் கூடாமலே தூய்மைப் பணியாளரின் வேலை மட்டும் இரட்டிப்பாகிவிடக் கூடாது.

விளக்குத்தூண் வாசகர்: ஜவுளிக்கடையில் பில் போடக் கைபேசி எண் கேட்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. எண்ணைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023இலேயே வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

ஒத்தக்கடை வாசகர்: மகளுக்குக் கல்லூரி தேடுகிறோம். என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையை நம்பலாமா?

மத்திய அரசு ஆண்டுதோறும் வெளியிடும் அந்தக் கல்வி நிறுவனத் தரவரிசையைத் தொடக்கக் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் கணக்குகளில் பெரும்பகுதி கல்லூரிகள் தாமே நிரப்பித் தருபவை. சரிபார்ப்பின்றி வெளியிடலாமா என்ற வழக்கில், உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2025 மார்ச்சில் இடைக்காலத் தடையே விதித்தது. பட்டியல் செப்டம்பரில்தான் வெளிவந்தது. கல்லூரிக்கு நேரில் சென்று, மூன்றாமாண்டு மாணவிகளிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

உசிலம்பட்டி மகளிர் குழு உறுப்பினர்: சிபில் மதிப்பெண் குறைவு என்று வங்கியில் கடன் மறுத்துவிட்டார்கள். நான் எந்தத் தவணையும் தவறவிட்டதில்லை.

சிபில் மதிப்பெண் என்பது கடனை ஒருவர் எப்படித் திருப்பிக் கட்டினார் என்பதை வைத்துப் போடப்படும் எண். 300 முதல் 900 வரையுள்ள அந்த எண்ணுக்குப் பின்னால் ஓர் அறிக்கை இருக்கிறது, அம்மா. ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையையும் கட்டணமின்றிப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. உறவினர் யாருக்கேனும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் கடனும் அதில் ஏறியிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். பிழை இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. புகார் எண்ணையும் தேதியையும் குழுவின் நோட்டிலேயே குறித்து வையுங்கள்.