கேபிள்காரர் டிவியை மாற்றச் சொன்னார், நான் பரண்மேல் கிடந்த வீடியோ கேசட் டெக்கை இறக்கினேன்

கேள்வி இதுதான்: "வீட்டில் பழைய அனலாக் டிவி இருக்கிறது. பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள் கிடையாது, ஏரியல் ஒயர் செருகும் ஓட்டை ஒன்றுதான். இதில் கேபிள் சேனல் பார்க்க வழி உண்டா? கேபிள்காரர் புது டிவி வாங்கச் சொல்கிறார்."

உண்டு. நான் டிவி மெக்கானிக் இல்லை, கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னையும் நாலு மாடும் வைத்துக்கொண்டிருப்பவன். அதனால் இதைப் படிக்கும் எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதே வார்த்தையை எங்கள் வீட்டு வாசலில் நின்று ஒரு கேபிள்காரப் பையன் சொன்னான். "ஈ டிவி மாற்றணம் சேட்டா." டிவியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஏன் தெரியவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். முன்பு கேபிள் ஒயரை நேராக டிவியில் செருகினாலே படம் வரும். பிறகு கேபிளை டிஜிட்டலாக்கச் சட்டம் வந்தது. சென்னை, மும்பை மாதிரிப் பெருநகரங்களுக்கு 2012 கெடு. அப்படியே படிப்படியாக இறங்கி, எங்களைப் போன்ற கிராமங்களுக்குக் கடைசிக் கெடு 2017 மார்ச் 31. அதற்குப் பிறகு ஒயரில் வருவதைப் பிரித்துக் கொடுக்க ஒரு பெட்டி வேண்டும். பெட்டியோ படத்தையும் சத்தத்தையும் அந்த மூன்று வண்ண ஓட்டைகள் (ஏவி என்பார்கள்) வழியாகத்தான் வெளியே விடும். உங்கள் டிவிக்கு ஏரியல் ஓட்டை (ஆர்எஃப் என்பார்கள்) மட்டுமே தெரியும். ஆக, டிவி கெட்டுப்போகவில்லை. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளன் இல்லை, அவ்வளவுதான். அவன் பெயர் ஆர்எஃப் மாடுலேட்டர். கடையில் ஏவி டு ஆர்எஃப் கன்வெர்ட்டர் என்று கேட்டாலும் கொடுப்பார்கள்.

எங்கள் டிவி 20 இஞ்ச் சாலிடேர், கலர். 1989இல் பொள்ளாச்சியில் வாங்கியது. அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றிச் சேர்த்த காசு. ரிமோட் கிடையாது. முன்பக்கம் எட்டுப் பட்டன், அதற்குக் கீழே தீப்பெட்டி அகலத்தில் ஒரு சின்னக் கதவு. திறந்தால் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு குட்டிச் சக்கரம், பக்கத்தில் மூன்று நிலையுள்ள ஒரு சுவிட்ச். அந்தச் சக்கரத்தைத் திருகுவதற்கென்றே ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குச்சி கதவின் உள்பக்கம் செருகியிருக்கும். அந்தக் குச்சியைத் தொலைத்ததற்காக ஆறாவது படிக்கும்போது வாங்கிய அடி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மறுநாள் அது கோதுமை டின்னுக்குப் பின்னால் கிடைத்தது, அடியை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

கேபிள் நின்றபோது பொள்ளாச்சியிலிருந்து மச்சான் வந்தார். 43 இஞ்ச் எல்இடி வாங்கிப் போடலாம், பாதிக் காசு தான் தருவதாகச் சொன்னார். அப்பா, "நல்லாப் பாடிக்கிட்டிருக்கறத எதுக்குங்க மாப்ள வெளிய தூக்கிப் போடறது? அதை உங்க ஊட்டுல வாங்கி வைங்க" என்று முடித்துவிட்டார். மச்சான் நிஜமாகவே வாங்கித் தன் வீட்டில் வைத்தார். அது வேறு கதை.

நான் செய்த முதல் முட்டாள்தனத்தையும் சொல்கிறேன், நீங்களும் செய்துவிடாதீர்கள். அக்கா வீட்டில் சும்மா கிடந்த தமிழ்நாட்டுக் கேபிள் பெட்டி ஒன்றைப் பையில் போட்டுக் கோபாலபுரம் செக்போஸ்ட் வழியாகக் கொண்டுவந்தேன். இங்கே வரும் ஒயரில் செருகினேன். ஒன்றுமே வரவில்லை. வராது. ஒவ்வொரு கம்பெனியும் தன் சேனல்களைத் தன் பூட்டால் பூட்டித்தான் அனுப்புகிறது, அந்தப் பூட்டுக்கு அவர்களுடைய பெட்டியிலேயே சாவி. கள்ளு கூட எல்லை தாண்டிப் போய்விடும், கேபிள் பெட்டி போகாது. கடைசியில் இங்கத்திய பெட்டியைக் காசு கொடுத்து வாங்கினேன். பையன் மூன்று ஒயரையும் கையில் வைத்துக்கொண்டு டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அந்த "மாற்றணம் சேட்டா"வைச் சொன்னான்.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் உறைத்தது. இதே டிவியில்தானே டெக் போட்டுப் படம் பார்த்தோம்! நோன்பிக்கு வாடகைக்கு டெக்கும் நாலு கேசட்டும் எடுத்துவந்து விடியவிடியப் பார்த்த வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது புரியும். அப்போதும் இந்த மூன்று ஓட்டை இல்லை. டெக்கிலிருந்து ஒரே ஒரு ஒயர் டிவியின் ஏரியல் ஓட்டைக்குப் போகும், எட்டாம் பட்டனை அமுக்கினால் படம். அப்படியென்றால் டெக்குக்குள்ளேயே அந்த மொழிபெயர்ப்பாளன் உட்கார்ந்திருக்கிறான்.

சித்தப்பா வீட்டுப் பரணில் ஒரு டெக் கிடந்தது. கேசட் போடும் வாயில் பல்லி முட்டை. துடைத்து, கேபிள் பெட்டியின் மஞ்சளையும் வெள்ளையையும் டெக்கின் உள்ளே போகும் ஓட்டைகளில் செருகி, சேனலை லைன் என்று வரும் இடத்தில் வைத்து, டெக்கிலிருந்து டிவிக்கு ஏரியல் ஒயர் கொடுத்தேன். சின்னக் கதவைத் திறந்து, எட்டாம் பட்டனின் சுவிட்சை யூ என்ற எழுத்துக்குத் தள்ளினேன். நம் நாட்டு டெக்குகள் பெரும்பாலும் யூஹெச்எஃப் 36ஆம் சேனலை ஒட்டித்தான் அனுப்பும். பிறகு அந்த வெள்ளைக் குச்சியால் மயிரிழை மயிரிழையாகத் திருகினேன். புள்ளி, புள்ளி, புள்ளி. திடீரென்று ஒரு கருப்புப் பட்டை சாய்ந்து ஓடியது. இன்னும் கொஞ்சம் திருகினேன், ஒரு முகம் வந்தது. இன்னும் ஒரு இழை, வண்ணம் வந்தது. அதற்கடுத்த இழையில் சத்தம். செய்தி வாசிக்கிற பொண்ணு. அப்பா கட்டிலில் இருந்தபடியே, "சத்தத்தக் கொஞ்சம் வைங்க சாமி" என்றார். பாராட்டெல்லாம் கிடையாது.

டெக் ஒன்றரை வருடம் உழைத்துச் செத்தது. பிறகு ஆன்லைனில் மாடுலேட்டர் வாங்கினேன், சில நூறு ரூபாய்தான். வந்ததும் அடுத்த சோதனை. படம் கண்ணாடி மாதிரி, சத்தம் மட்டும் கொர்ரென்று இரைச்சல். இரண்டு நாள் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டேன். விஷயம் என்னவென்றால், படத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே விடும் இடைவெளி நாட்டுக்கு நாடு வேறு. நமக்கு 5.5 மெகாஹெர்ட்ஸ், பிரிட்டனில் 6, சீனாவில் 6.5. நம் முறைக்குப் பெயர் பால் பி-ஜி. (இது அம்மா ஊற்றிய பால் இல்லை.) என் பெட்டி சீனக் கணக்கில் வைக்கப்பட்டு வந்திருந்தது. அடிப்பக்கம் ஒரு குட்டி சுவிட்ச், பல் குத்தும் குச்சியால் பி-ஜிக்குத் தள்ளியதும் பேசிவிட்டது. வாங்கும்போதே இந்த சுவிட்ச் இருக்கிறதா, இல்லை நம் முறைக்கே செய்ததா என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள், அங்கே முறையே வேறு.

உங்கள் பெட்டி புதிதாக இருந்து எச்டிஎம்ஐ ஓட்டை மட்டும்தான் இருக்கிறது என்றால் அதற்கு முன்னால் எச்டிஎம்ஐயை ஏவி ஆக்கும் இன்னொரு டப்பா வேண்டும். அதிலும் ஒரு சுவிட்ச், என்டிஎஸ்சி (அமெரிக்க முறை), பால் என்று. அதை பாலில் வையுங்கள். மாற்றி வைத்தால் படம் கருப்பு வெள்ளையாகி உருளும். அப்புறம் சில பெட்டிகளில் ஆர்எஃப் அவுட் என்று ஒரு ஓட்டை இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பலவற்றில் அது உள்ளே வந்த ஒயரை அப்படியே வெளியே விடுவது, அவ்வளவுதான்.

இப்போது "கரன்ட் பில் பாரு, எல்இடிதான் மிச்சம்" என்று கமென்டில் வருவீர்கள். தெரியும். எல்இடி கரன்ட் குறைவாகத்தான் குடிக்கும், படமும் தெளிவு. பழைய டிவியில் ஓரங்கள் வெட்டுப்படும், கீழே ஓடும் செய்தி வரி பாதி தெரியாது, பெட்டியின் செட்டிங்கில் 4:3 வைக்காவிட்டால் எல்லோரும் ஒட்டகம் மாதிரி நீண்டிருப்பார்கள். புது டிவி வாங்காதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. முடியாது என்று சொல்லாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

உண்மையில் எனக்குப் பிரச்சினை டிவியே இல்லை. 2019இல் சேனலைத் தேர்ந்தெடுத்துக் காசு கட்டும் முறை வந்ததல்லவா, அப்போது வெறும் இணைப்புக்கே வரியோடு 153 ரூபாய் 40 காசு வரை வாங்கினார்கள். அதற்கு மேல் எங்களுக்கு மலையாளமும் வேண்டும், தமிழும் வேண்டும், இரண்டு மொழிக்கும் தனித்தனியாக அழ வேண்டும். ஒன்றை விடலாம் என்றால் அப்பா விடமாட்டார். ஆழியாற்றுத் தண்ணீர்தான் காரணம். 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் எங்கள் சித்தூர்ப் பகுதிக்குத் தமிழ்நாடு வருடம் 7.25 டிஎம்சி விட வேண்டும். தமிழ்ச் செய்தியில் "கேரளாவுக்குத் தண்ணீர் போகிறது" என்பார்கள். மலையாளச் செய்தியில் "தமிழ்நாடு தண்ணீர் தரவில்லை" என்பார்கள். அந்தத் தண்ணீரை நம்பி நெல் நடும் நாங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறோம், ஓட்டு கேரளாவில் போடுகிறோம். எங்கள் வரப்பில் வந்து யாரும் மைக்கை நீட்டியதில்லை. அப்பா இரண்டு செய்தியையும் மாற்றி மாற்றிப் பார்த்து இரண்டு பேரையும் திட்டுவார். அதற்கு நான் மாதாமாதம் இரண்டு மொழிக்குக் கட்டுகிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஏரியல் ஓட்டை உருண்டையாக இருந்தால் நேராகச் செருகலாம். இரண்டு திருகாணியில் பட்டை ஒயர் மாட்டும் மாதிரி என்றால், 75 ஓமை 300 ஓமாக மாற்றும் விரல்கடை அளவுச் சாமான் ஒன்று வேண்டும். சென்னைக்காரர் என்றால் ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். எதற்காகவும் டிவியின் பின்மூடியைக் கழற்றாதீர்கள். கலர் டியூபில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். நான் சொன்ன வேலை எல்லாமே வெளியில்தான்.

இடி இடித்தால் கேபிள் ஒயரையும் பிளக்கையும் பிடுங்கி வைத்துவிடுங்கள். போன ஐப்பசியில் மச்சானின் 43 இஞ்ச் அப்படித்தான் போனது. சரியாகும்வரை அக்கா இங்கே வந்துதான் சீரியல் பார்த்தாள். வந்த முதல் நாளே மச்சான் சின்னக் கதவைத் திறந்து எதையோ திருகி, எட்டாம் பட்டன் மறுபடியும் புள்ளியாகிவிட்டது.