அளவு தவறிய திரைச்சீலை: முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: வரவேற்பறை ஜன்னல்களுக்கு 7 அடி உயரத்தில் திரைச்சீலை தைக்கச் சொல்லி, பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்தேன். கடை ஊழியரே வந்து அளவெடுத்தும் 6 அடியில் தைத்துவிட்டார்கள். ஆர்டரை ரத்து செய்யக் கேட்டால், ‘தைத்த பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, மதுரை

பதில்: அந்த வரி, மனம் மாறிய வாடிக்கையாளருக்குப் பொருந்தலாம், தாங்களே எடுத்த அளவைக் கோட்டைவிட்ட கடைக்கு அது கவசமாகாது. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்று, ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. அடியில் ஒட்டுப்போட்டுத் தருவதாகச் சொல்வார்கள் (பெரும்பாலும் சொல்வார்கள்); விருப்பமில்லையென்றால் மறுத்துவிடுங்கள், ‘இருக்கட்டும்’ என்று ஒரு நாள்கூட மாட்டிவைக்காதீர்கள், ஏனெனில் ஏற்றுக்கொண்டதாக அவர்கள் வாதிட இடம் கொடுத்ததாகிவிடும். அளவு எழுதிய சீட்டின் நகலையும், டேப்பை வைத்து எடுத்த படத்தையும் இணைத்து, ரத்து செய்வதாகவும் முன்பணத்தைக் கோருவதாகவும் சேர்ப்பித்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) எழுதுங்கள். பலனில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அல்லது நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரையென்றால் கட்டணம் கிடையாது.